மூன்று கருத்துகளும் செல்லக்கனியின் கேள்வியும்

"மேடம், செத்தவங்க எங்க இருக்காங்க?"

பியூலா மேடம் எலுமிச்சைச் சாதத்தில் கை வைத்திருந்தார். டப்பாவை மூடினார்.

"போன வாரம்தானே ஐயா பாடம் எடுத்தேன்."

"எடுத்தீங்க. அதனாலதான் வந்திருக்கேன்."

கேட்டவர் சத்தியநேசன். வயது ஐம்பது. ஒரு சின்னக் கிராமத்துச் சபையில் உபதேசியார். விடிந்ததும் சபை வேலை, பிறகு பஸ், பகலெல்லாம் இறையியல் கல்லூரி, சாயங்காலம் மறுபடியும் சபை. இந்தப் படிப்பை முடித்தால்தான் போதகராகும் குருப்பட்டம் கிடைக்கும். மேடம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனால் அவர் வகுப்பில் சத்தியநேசன் பேனா மூடியைக்கூடப் பயந்துதான் திறப்பார்.

"உக்காருங்க" என்றார் மேடம். "என்ன ஆச்சு?"

"எங்க சபையில தவசிமணின்னு ஒருத்தர், வாழைக்காய் லாரி ஓட்டுனவர். நெஞ்சுவலியில போயிட்டாரு. அடக்க ஆராதனையில நான்தான் பிரசங்கம்."

"ம்."

"முந்தின நாள்தான் நீங்க அந்தப் பாடத்தை நடத்தியிருந்தீங்க."

மேடத்துக்குப் பாதி விளங்கிவிட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மூணு கருத்தையும் சொல்லிட்டீங்களா?"

"விளக்கமா சொன்னேன் மேடம். செத்த உடனே ஆண்டவர்கிட்ட போயிடுறாங்க, அது ஒண்ணு. நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும் தூங்குறாங்க, அது ரெண்டு. நடுவுல ஒரு இடத்துல காத்திருக்காங்க, அது மூணு. ஒவ்வொண்ணுக்கும் வர்ற மறுப்பையும் சொன்னேன்."

"சவப்பெட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு."

"ஆமா."

சும்மா சொல்லக்கூடாது, பிரசங்கம் நன்றாகத்தான் இருந்ததாம். வெளியூரிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். உபதேசியாருக்கு அன்றைக்குக் கால் தரையில் இல்லை. இரண்டாம் நாள் துக்க வீட்டு ஜெபத்துக்குப் போனபோதுதான் தரைக்கு வந்தார். ஜெபம் முடிந்ததும் தவசிமணியின் மனைவி செல்லக்கனி எழுந்து வந்து கேட்டாள்.

'ஐயா, மூணு கருத்து சொன்னியளே. எங்க வீட்டு ஆளு அதுல எந்தக் கருத்துல போயிருக்காவ?'

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் மேடம்.

"படிச்சவங்ககிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்னு சொன்னேன்."

மேடம் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"அந்த அம்மா சரியா சாப்பிடுறதில்லையாம் மேடம். போறவர்ற எல்லார்கிட்டயும் இதையேதான் கேக்குதாம். கோயிலுக்கும் வரல. முன்னால எல்லாம் துக்க வீட்டுக்குப் போனா, அவர் ஆண்டவர்கிட்ட இருக்காரும்மான்னு ஒரே வார்த்தை சொல்லுவேன். கண்ணைத் துடைச்சிட்டுக் காப்பி போடப் போயிருவாங்க. படிக்க வர்றதுக்கு முன்னாடி எனக்கு எல்லாமே தெரிஞ்சிருந்துச்சு."

அவர் எழுந்து நின்றுகொண்டார்.

"படிப்பை நிறுத்திடலாம்னு இருக்கேன். என் சபைக்கு உதவாத படிப்பு எனக்கு எதுக்கு? இல்ல, மூணுல எது சரின்னு நீங்க சொல்லுங்க. அதைப் போய்ச் சொல்லிட்டு, பேசாம படிக்கிறேன்."

மேடம் சாப்பாட்டு டப்பாவை ஓரமாக நகர்த்தினார்.

"உங்க வீட்டுல யாராவது இறந்திருக்காங்களா?"

"அப்பா, அம்மா." நிறுத்தினார். "ஒரு மக."

"எப்ப?"

"இந்தச் சபைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. நாலு வயசு. காய்ச்சல்."

"அவ எங்க இருக்கா?"

சத்தியநேசன் வாயைத் திறந்தார்.

"இதுல மூணு..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மேடம் தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மத்தியான வகுப்புக்கு மணி அடித்தது.

"கிளம்புங்க ஐயா."

"வகுப்பு இருக்கே மேடம். உங்க வகுப்புதான்."

"அந்த அம்மா வீட்டுக்குப் போங்க."

"போய் என்ன சொல்ல? நீங்க பதிலே சொல்லலையே."

"நான் கேட்டதைச் சொல்லுங்க."

பஸ்ஸில் உட்காரும்போது அவருக்குக் கோபம்தான் வந்தது. பதில் கேட்கப் போன மனிதனிடம் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பியது போல இருந்தது. இரண்டு தடவை பாதியில் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தார். தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டைத் தாண்டும்போது மகளின் முகம் ஞாபகம் வந்தது. வெகுநாளாக அவர் அதை ஞாபகப்படுத்திப் பார்த்ததில்லை. உபதேசியார் சபைக்கு முன்னால் அழக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை, வீட்டுக்குள்ளும் கடைப்பிடித்துவிட்டார்.

செல்லக்கனி கதவருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கேட்டுட்டு வந்தியளா ஐயா?"

"கேட்டேம்மா."

"எந்தக் கருத்துன்னு சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. என் மகளைப் பத்திக் கேட்டாங்க."

"உங்களுக்கு மக உண்டா?" செல்லக்கனி நம்பாமல் பார்த்தாள். "ரெண்டு பையங்கதானே?"

"இவனுவளுக்கு மூத்தவ. நாலு வயசுல தவறிட்டா."

செல்லக்கனி எழுந்து உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்து போட்டாள். எப்போதும் அவருக்கு நாற்காலிதான் போடுவாள். இன்று அது அவளுக்குத் தோன்றவில்லை. அவரும் பாயில் உட்கார்ந்தார்.

"பேரு என்ன?"

"ஜெனிட்டா."

"யார மாதிரி இருப்பா?"

"எங்க அம்மா மாதிரி. குருத்தோலைப் பவனியில ஓலையை யாரு கேட்டாலும் கொடுக்க மாட்டா. வீடு வரைக்கும் தூக்கிட்டே வருவா."

சபையார் தன்னிடம் வந்து அழக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், இன்று சபையார் வீட்டில் உட்கார்ந்து அழுதார். செல்லக்கனி தடுக்கவில்லை. ஜெபம் பண்ணவும் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள், அவரோடு சேர்ந்து அழுதாள்.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"அவ எங்க இருக்கான்னு உங்களுக்கு யாரு ஐயா சொன்னாவ?"

"யாரும் சொல்லலம்மா."

"பெறவு எப்படி இத்தன வருசம் இருந்திய?"

உபதேசியார் யோசித்தார். பாடத்தில் தேடவில்லை.

"தெரியல. என் கையில இருந்து வாங்கினவர் கீழ போட்டுர மாட்டாருன்னு விட்டுட்டேன்."

செல்லக்கனி முகத்தைத் துடைத்தாள். எழுந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டுப் போனபின் அடுக்காமல் கிடந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"அப்போ எங்க வீட்டு ஆளையும் அங்கயே விட்டுருவோம்யா" என்றாள். "பிள்ளைக்கும் தொணையா இருக்கும்."