பட்டுக்கடையில் வெள்ளைக் கையுறை

ஆரணியில், அரிசி மண்டிக்கு மேல்மாடியில் ஒரு குரு இருந்தார். காவி கிடையாது, தாடி கிடையாது, ருத்திராட்சமும் கிடையாது. கறுப்பு டிராக் பேன்ட், இறுக்கி முடிந்த கொண்டை, அவ்வளவுதான். பெயர் எழிலரசி. வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. பளு தூக்கும் போட்டிகளில் மாநில அளவில் ஜெயித்த கையோடு அந்த மாடியை வாடகைக்குப் பிடித்து ஜிம் வைத்திருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

மாஸ்டருக்கு அதிகம் பேசப் பிடிக்காது. யார் என்ன சந்தேகம் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"முட்டையில மஞ்சக்கரு சாப்பிடலாமா மாஸ்டர்?"

"இன்னொரு செட் போடுங்க."

"காலையில பண்றது நல்லதா, சாயந்திரமா?"

"இன்னொரு செட்."

கேள்வி கேட்டால் தோள்பட்டை கழன்றுபோகும் என்று தெரிந்ததால் அந்த ஜிம்மில் யாருக்கும் பெரிதாகச் சந்தேகம் வருவதில்லை.

ஆனால் கோதண்டபாணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. சீடர்களில் வயதில் மூத்தவர் அவர்தான். நாற்பத்தாறு வயது. செங்கல்வராயன் பட்டு மாளிகையில் வெள்ளை மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சேலை எடுத்துப் போடுவது வேலை. கல்யாணமாகி, மகள் பிறந்து வளர்ந்த பிறகும் அந்த மெத்தையை விட்டு அவர் எழுந்ததில்லை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால் மாடி ஏறினார். ஏறியவருக்கு இரும்பு பிடித்துப்போய்விட்டது.

வீட்டில் கேஸ் சிலிண்டரை ஒரே ஆளாகத் தூக்கி உள்ளே வைத்தபோது அவர் மனைவி விசாலாட்சி ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றைக்குத் தோசை கேட்காமலே வந்துகொண்டிருந்தது. அந்த வயதில்தான் முதல்முறையாக, தன் உடம்பு தனக்குச் சொந்தம் என்று கோதண்டபாணிக்குப் பட்டது. அந்தச் சந்தோஷத்தை வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

சேரும்போது அவர் கையுறையோடுதான் வந்தார். விரல் நுனிகள் திறந்திருக்கும், உள்ளங்கையில் மெத்தென்று பஞ்சு வைத்த நல்ல கையுறை. அதை முதலில் பார்த்தவன் யுவராஜ். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத உடம்புக்காரன்.

"என்னா சார், ஆபரேஷனுக்கு ரெடி ஆயிட்டீங்களா?" என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் கோதண்டபாணி உள்ளே நுழைந்ததும், "டாக்டர் வந்துட்டாரு, பேஷன்ட்டைப் படுக்க வைங்கடா" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டான். அதற்கு அடுத்த நாள் கையுறை டிபன் பைக்குள் போய்விட்டது. வெறுங்கையால் கம்பியைப் பிடித்தார். யுவராஜ் முதுகில் தட்டி, "இப்பதான் சார் ஆம்பளை மாதிரி இருக்கீங்க" என்றான். நான்கு பிள்ளைகள் ஒரு நாற்பத்தாறு வயதுக்காரரை எவ்வளவு சுலபமாக வளைத்துவிடுகிறார்கள் பாருங்கள்!

கை காய்த்தது. விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்பு எழும்பியது. ஜிம்மில் அதைத் தடவித் தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

கடையில்தான் வந்தது வினை. செய்யாறிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அரக்கு நிறச் சேலை ஒன்றைப் பிரித்து, முந்தியைத் தடவிக் காட்டினார். காய்ப்பின் சொரசொரப்பில் ஓர் இழை மாட்டிச் சர்ரென்று இழுத்துக்கொண்டது. வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அந்த வாரமே இன்னொரு சேலையிலும் அப்படியே ஆனது.

தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார். எண்ணெய்க் கையோடு ஜிம்முக்குப் போனதில் கம்பி வழுக்கி, அதில் மாட்டிய இரும்புத் தட்டு தரையில் விழுந்து, கீழே மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் பூகம்பம் என்று தெருவுக்கு ஓடிவந்தார்கள். குளியலறையில் உட்கார்ந்து கால் தேய்க்கிற கல்லால் கையைத் தேய்த்தார். எரிச்சல் வந்தது, காய்ப்பு போகவில்லை.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் வெள்ளைத் துணிக் கையுறை ஒரு ஜோடி வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்தார். ஆக, இரும்பை வெறுங்கையாலும் பட்டைக் கையுறையாலும் தொடுகிற ஒரே மனிதராக ஆரணியில் கோதண்டபாணி ஆனார்.

பட்டு பத்திரமாக இருந்தது. வாடிக்கைதான் பத்திரமாக இல்லை.

"ஏங்க, கையில எதாவது படையா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"சேலையில சாயம் போவுமா? அதான் உறை போட்டிருக்கியா?" என்று இன்னொருவர் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

முதலாளி செங்கல்வராயன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"பாணி, இது என்னா வேஷம்?"

"கை கொஞ்சம் காய்ச்சிருக்குங்க, முதலாளி."

"பட்டுக்கடைக்காரன் கை எப்படிய்யா காய்க்கும்? நீ என்னா, கல்லு உடைக்கிறியா?"

கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார். ஜிம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை முகூர்த்தக் கூட்டம் வரும். அன்னிக்கு உன் கையில இந்த உறையைப் பார்த்தேன்னா மறுநாளே நீ குடோனுக்குப் போயிடு. இழை இழுத்தாலும் குடோன்தான்."

குடோன் என்றால் அட்டைப்பெட்டி, எலி, நாற்பது வாட் பல்பு. அத்தனை வருஷம் மனிதர்களோடு பேசிச் சிரித்துப் பிழைத்தவருக்கு அது ஜெயில்.

அன்று மாலை மாடி ஏறியவர், யுவராஜ் அந்தப் பக்கம் போகிற வரைக்கும் காத்திருந்து மாஸ்டரிடம் போனார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். வெயிட் தூக்கும்போது கிளவுஸ் போடணுமா, போடக்கூடாதா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

"இன்னொரு செட் போடுங்க."

போட்டார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"சில பேர் போடணும்ங்கறாங்க, சில பேர் போட்டா பிடி வராதுங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்படியே செஞ்சுடுவேன்."

"நான் சொன்னா செய்வீங்களா?"

"கண்டிப்பா."

"யுவராஜ் சொன்னப்பவும் செஞ்சீங்க."

கோதண்டபாணிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மாஸ்டர் எதையும் கவனிப்பதில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"கையைக் காட்டுங்க" என்றார் மாஸ்டர்.

காட்டினார். மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெய், கல், இரும்பு என்று எல்லாமே அந்தக் கையில் எழுதியிருந்தது. அதற்கு மேல் மறைக்க முடியாமல் கோதண்டபாணி கடைக் கதையை முழுக்கக் கொட்டிவிட்டார்.

"நான் நின்னுடறேன் மாஸ்டர். நாளையிலேருந்து வரலை. எனக்கு வேற வழி தெரியல."

"உங்க கடையில முகூர்த்தச் சேலை நல்லா இருக்குமா?"

"என்ன மாஸ்டர்?"

"தங்கச்சிக்குக் கல்யாணம். ஞாயித்துக்கிழமை வரேன். இப்ப போய் இன்னொரு செட் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. வெள்ளைக் கையுறை கோதண்டபாணியின் சட்டைப் பையில் இருந்தது. வெறும் விரல் நுனியால் சேலைகளை மடிப்புக் கலையாமல் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முந்தியைப் பிரித்துக் காட்டச் சொன்னவர்களிடம், "அப்படியே பாருங்கம்மா, மடிப்புலதான் அழகே" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தார். வேர்த்துக் கொட்டியது.

மெத்தையின் மறுபக்கத்தில் போளூரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் பெண்கள். கல்யாணப் பெண்ணுக்கு அத்தை முறையாகிற ஒரு கனத்த அம்மாள் மயில்கழுத்து நிறச் சேலை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, எடுப்பதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். கடையிலேயே நல்ல சேலை அதுதான் என்பது கோதண்டபாணிக்குத் தெரியும்.

மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். அதே டிராக் பேன்ட்.

"காட்டுங்க சார்."

நாலைந்து சேலைகளை எடுத்துப் போட்டார்.

"பிரிச்சுக் காட்டுங்க."

"மாஸ்டர், என் கைதான் தெரியுமே." குரலைத் தாழ்த்தினார். "நீங்களே பிரிச்சுப் பாருங்களேன்."

மாஸ்டர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். கோதண்டபாணியின் காய்ப்பெல்லாம் அதற்கு முன்னால் குழந்தை. அந்தக் கை பட்டில் பட்டால் இழை மட்டும் இல்லை, தறியே கூட வரும்.

"பையில என்ன, வெள்ளையா?"

"ஐயோ மாஸ்டர், இங்க வேணாம். அது பேண்டு செட்டுக்காரங்க போடறது."

"கொடுங்க."

வாங்கினார். விரல் விரலாக நிதானமாக மாட்டிக்கொண்டார். டிராக் பேன்ட்டுக்கும் வெள்ளைக் கையுறைக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. கோதண்டபாணிக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

போளூர்க் கூட்டத்தில் ஒரு பெண் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

"யாருடி இது, டிராபிக் போலீஸா?"

"இல்லடி, பேண்டு வாசிக்க வந்திருக்கு. டிரம்செட்டு வெளிய நிக்குதா பாரு."

சிரிப்பு வரிசையாகப் பரவியது. கனத்த அம்மாளுக்கு விஷயம் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. மடியில் இருந்த சேலையை மெத்தைமேல் போட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மாஸ்டர் கையை நீட்டி மயில்கழுத்தை எடுத்தார். பிரித்தார். முந்தியை நீளமாக விரித்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். ஜரிகையைத் தடவினார். ஓர் இழைகூட அசையவில்லை.

கல்லாவிலிருந்து வெள்ளைக் கையுறையை மட்டும் பார்த்துவிட்ட செங்கல்வராயன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பாணி! நான் என்னா சொன்னேன்?"

கையுறைக்குள் இருப்பது யார் கை என்று அப்போதுதான் பார்த்தார். உடனே இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்கம்மா, வாங்க. காபி சொல்லட்டுங்களா?"

"வேணாங்க. இதுக்கு பில் போடச் சொல்லுங்க."

முதலாளியே சேலையை மடித்து வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் குனிந்து, கோதண்டபாணியின் காதில், "அது இருக்கட்டும், உன் கை எப்பய்யா சரியாவும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போளூர்க் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெத்தைப் பக்கம் திரும்பியது.

"ஏம்பா, அந்த மயில்கழுத்து எங்க?" என்றாள் கனத்த அம்மாள்.

"பில்லுக்குப் போயிடுச்சுங்களேம்மா."

"அய்யய்யோ! அதைத்தானே எடுக்கறதா இருந்தோம்!"

அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றார்கள். இன்னொன்று இல்லை. உடனே அந்தக் கூட்டத்தில் சேலையை யார் கீழே போட்டது என்று சண்டை ஆரம்பித்தது.

கோதண்டபாணி கடைப் பையைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரோடு வாசல்வரை போனார். மாஸ்டர் கையுறையைக் கழற்றி, மடித்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்தார். பையை வண்டியில் மாட்டினார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"கிளவுஸ் போடலாமா வேணாமான்னு இல்ல. இது வேற. அத்தனை பேரும் உங்களைப் பார்த்துச் சிரிச்சாங்களே மாஸ்டர். உங்களுக்கு எப்படி இருந்தது?"

மாஸ்டர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சிரிச்சாங்களா?" என்றார். "நான் சேலையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."