ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த கதை

அந்தக் காலத்தில் கடலுக்கு வாய் இருந்தது. வாயோடு கொஞ்சம் அலட்டலும் இருந்தது. கழிமுகத்துச் சேற்றில் நீர் வடியத் தொடங்கும்போதே, "போயிட்டேன், போயிட்டேன்" என்று கத்தும். பாதி நீர் இன்னும் சேற்றின் மேல்தான் கிடக்கும். பெரிய நண்டுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வளைக்குள்ளேயே இருக்கும். நாம் செருப்பைத் தேடிக்கொண்டே "வந்துட்டேன்" என்பதில்லையா, அந்த மாதிரிதான் என்று அவற்றுக்குத் தெரியும்.

குஞ்சுகளுக்கு அதெல்லாம் தெரியாது. போயிட்டேன் என்றால் போய்விட்டது, அவ்வளவுதான்.

வளையன் என்ற நண்டுக்கு ஒரே மகள், பொடிச்சி. தாயில்லாத பிள்ளை. ஒருநாள் கடலின் சத்தம் கேட்டதும் அவள் வளை வாசலுக்கு ஓடினாள்.

"அப்பா, கடல் போயிடுச்சாம். நீயும் வாப்பா, இரை பொறுக்கலாம்."

வளையன் உள்ளே இரண்டு கொடுக்காலும் சேற்றை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டிருந்தான். "வந்துட்டேன்மா," என்றான். எழுந்திருக்கவே இல்லை.

அப்பா பின்னால் வந்துவிட்டார் என்று நம்பி அவள் சரிவில் இறங்கினாள். மிச்சமிருந்த அலை ஒன்று அவளை வாரிக்கொண்டு போனது.

வளையன் வெளியே வந்தபோது சேறு வெறிச்சென்று கிடந்தது. பொடிச்சியைக் காணாமல் கடலைப் பார்த்துக் கத்தினான்.

"அடப்பாவி, இருந்துக்கிட்டே போயிட்டேன்னு சொன்னியே. பச்சப்புள்ள நம்பிடுச்சே."

"எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்," என்றது கடல். "உங்களுக்கெல்லாம் புரியுதுல்ல?"

"அந்த வயசுல அவளுக்கு என்ன புரியும்? என் பிள்ளையக் குடு."

"என்னை மட்டும் ஏன் திட்டுற? அலை மேல வர்றப்பகூட அது ஓடல. 'எங்கப்பா வந்துட்டாரு'ன்னு சொல்லிக்கிட்டு நின்னுச்சு."

வளையனுக்குக் கோபம் வந்தது, கடல் மேலும் தன் மேலும். சேறு அப்பியிருந்த தன் கொடுக்கைப் பார்த்தான்.

"இந்தக் கை இனிமே வாய்க்குப் போகாது," என்று கடலைப் பார்த்து ஓங்கினான். ஓங்கிய கை ஆத்திரத்தில் வீங்கி, அவன் உடம்பளவு பெருத்துவிட்டது. கடல் மிரண்டு பேச்சை விட்டது. அதனிடம் இரைச்சல்தான் மிச்சம். பொடிச்சி திரும்பவே இல்லை.

அன்று முதல்தான் அந்தச் சேற்றில் ஆண் நண்டு சின்னக் கையால் மட்டும் சாப்பிடுகிறது. பெரிய கையை, நீர் முழுக்க வடிந்த பிறகும், கடலைப் பார்த்து ஓங்கிக்கொண்டே இருக்கிறது.