காலிக் குழாய்

"இனி எந்தக் காலத்திலும் பிரிக்கவே வேண்டாத மாதிரி ஒரு கேபிள் போடணும், மேடம். எதைப் போடட்டும்?"

கேட்டவர் குழந்தைவேலு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோவையில் ஆம்புலன்ஸ் கட்டும் பட்டறை ஒன்றில், ரெஜினாவிடம் வயரிங் கற்றுக்கொண்டிருந்தார். ரெஜினாவுக்கு அவர் மகள் வயது.

"நீங்களே போட்டுப் பாருங்கய்யா" என்றாள்.

இருப்பதிலேயே உசத்தியான கேபிளை எடுத்தார். டிரைவர் சீட்டிலிருந்து நோயாளியின் படுக்கை வரை தரைக்கடியில் ஓடவிட்டு, மேலே பலகையை ஒட்டி மூடினார்.

ரெஜினா வந்து பார்த்தாள்.

"நாளைக்குப் புதுசா ஒரு கேமரா வருதுன்னு வைங்க. அதுக்கு இது சேரலைன்னா?"

பலகையைப் பெயர்த்தார். இம்முறை கிடைத்த வகையில் எல்லாம் ஒவ்வொன்று போட்டார். தரைக்கடியில் விரல் நுழைய இடமில்லை.

"இதுல எதுலயும் சேராத ஒண்ணு வந்தா?"

குழந்தைவேலுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வரப்போறது என்னன்னே தெரியாம எப்படிம்மா தயாரா இருக்கிறது?"

ரெஜினா இன்றைக்குத் தேவையான ஒரே ஒரு கேபிளை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் உருவினாள். அந்த இடத்தில் ஒரு காலிக் குழாயைப் பதித்தாள். அதற்குள் ஒரு நைலான் கயிற்றை மட்டும் ஓட்டினாள்.

"வர்ற கேபிளை இந்தக் கயித்துல கட்டி இழுத்துக்குவாங்க."

"அதுவரைக்கும்?"

"காலியா இருக்கட்டும்."

அவர் ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பொண்ணு பிரதீபா, நான் வேண்டாம்னு சொன்ன பையனைக் கட்டிக்கிட்டு பூனாவுக்குப் போயிட்டா. எப்பவாவது கூப்பிடுவா. ஏன் போனே, எப்ப வர்றே, இதுதான் உன் மரியாதையான்னு பிடிச்சுக்குவேன். 'சரிப்பா, வெச்சிடறேன்'ம்பா. அவ்வளவுதான்."

ரெஜினா ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"அவ மேல கோபமில்லை, மேடம். நான் பேச்சை நிறுத்தினா போனை வெச்சிடுவாளோன்னு பயம்."

ரெஜினா அவரைப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரதீபா கூப்பிட்டாள்.

"அப்பா."

"சொல்லும்மா" என்றார்.

அப்புறம் வாயைத் திறக்கவில்லை. தொண்டை வரை வந்ததை எல்லாம் விழுங்கினார். அந்தப் பக்கமும் பேச்சில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

எங்கோ தள்ளி, ஒரு குழந்தை சிணுங்கியது.

"யாரும்மா அது?"

"உங்க பேத்திப்பா. இதைச் சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டேன்."