ஏழாவது வாத்து

“தனிமை எப்போம்மா போகும்?” என்று ஆவுடையப்பன் கேட்டார்.

வடிவம்மை கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க வந்து எத்தனை மாசம் ஆச்சு?”

“பதினொன்னு.”

வடிவம்மை வாளியை அவர் கையில் கொடுத்தார். “கடைசி வரிசை பாக்கி இருக்கு.”

ஆவுடையப்பன் கடைசி வரிசைக்குத் தண்ணீர் விட்டார்.

குளக்கரையில் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு வடிவம்மைதான் குரு. வயது நாற்பத்திரண்டு. முன்பு தையல் கடை வைத்திருந்தவர். ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். மனைவி செண்பகம் இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பையோடு இங்கே வந்தார். சொன்ன வேலையைச் செய்தார். யாரோடும் பேசவில்லை. நாள் முழுக்கக் கூட்டத்தில் இடிபட்டவருக்கு, மடத்தில் இருந்த நாலு பேருக்கு நடுவே உட்காரக் கூச்சமாக இருந்தது.

மடத்தில் இரண்டு கூஸ் வாத்துகள் இருந்தன. ஓர் ஆண், ஒரு பெண். சாதாரண வாத்தைவிட உயரம். வெள்ளை நிறம், நீண்ட கழுத்து. பாம்பு வந்தாலும் ஆள் வந்தாலும் கத்தும் என்பதற்காக வளர்த்தார்கள். மாசி மாதம் பெண் வாத்து ஐந்து முட்டைகளை அடைகாத்தது. முப்பதாம் நாள் நான்கு குஞ்சுகள் பொரித்தன. மறுநாள் அவற்றைக் கூட்டிக்கொண்டு தாய் புல்லுக்கு இறங்கிவிட்டது. ஐந்தாவது முட்டை வைக்கோலிலேயே கிடந்தது.

வைக்கோலை அள்ளப் போன ஆவுடையப்பன் அதை எடுத்தார். சூடு முழுவதும் போகவில்லை. காதில் வைத்துப் பார்த்தார். வடிவம்மையிடம் கொண்டுபோனார்.

“அம்மா, உள்ளே தட்டுது.”

வடிவம்மை முட்டையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார்.

“என்ன செய்யப் போறீங்க?”

“தெரியலை. இதுக்கு யாருமில்லை.”

வடிவம்மை வெளியே புல்லில் மேய்ந்த தாய் வாத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு, “ஒரு அட்டைப்பெட்டி எடுங்க,” என்றார். “அடியில உமி போடுங்க. மேலே பல்பு தொங்கட்டும். வெதுவெதுன்னு தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். ஓடு காய்ஞ்சு போனா குஞ்சால உடைக்க முடியாது.”

ஆவுடையப்பன் பெட்டியைத் தன் அறையில் வைத்தார். ஒன்றரை நாள் அதன் பக்கத்திலேயே இருந்தார். ஓட்டில் முதலில் ஒரு விரிசல் விழுந்தது. பிறகு ஒரு துளை. பிறகு ஈரமான ஒரு தலை வெளியே வந்தது. அது கண் திறந்து பார்த்தபோது எதிரே இருந்தது ஆவுடையப்பனின் மூக்கும் மூக்குக்கண்ணாடியும்தான்.

அன்றிலிருந்து அது அவரை விடவில்லை. அவர் நடந்தால் நடந்தது. உட்கார்ந்தால் அவர் பாதத்தின் மேல் ஏறிப் படுத்தது. கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனால் வாசலில் நின்று கத்தியது.

சமையல் பார்க்கும் பேச்சி பார்த்துவிட்டுச் சொன்னாள். “அண்ணாச்சிக்கு அறுபத்து மூணு வயசுல பிள்ளை பொறந்திருக்கு. சாயல்கூட அப்படியே இருக்கு.”

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். மடத்தில் இருந்தவர்கள் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள்.

அவர் குருணையை ஊறவைத்துக் கொடுத்தார். கீரையைப் பொடியாக நறுக்கிக் கொடுத்தார். “ரைட்” என்றால் கூடவே நடந்தது. “ஹோல்டான்” என்றால் நின்றது. அப்படித்தான் நிற்கிறது என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். குஞ்சு இன்று என்ன தின்றது என்று சொல்லப் போய், சமையற்கட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றார். சொல்லி முடித்த பிறகும் நின்றார்.

மூன்று மாதத்தில் அது மற்ற வாத்துகளின் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் அவற்றோடு போகவில்லை. ஆறு வாத்துகளும் ஒன்றாக மேய்ந்தன, பட்டியில் ஒன்றாகப் படுத்தன. ஏழாவது, ஆவுடையப்பனின் கட்டிலுக்கு அடியில் படுத்தது. குளத்துப் பக்கம் அவர் போனால் அதுவும் போய்க் கரையில் நிற்கும். அவர் தண்ணீரில் இறங்கமாட்டார். அதுவும் இறங்காது. அவர் அதைச் சிமெண்ட் தொட்டியில் குளிப்பாட்டினார்.

ஆனி மாதம் அவருடைய கண்ணில் புரை முற்றியது. டவுனில் நடந்த இலவசக் கண் முகாமுக்குப் போய்க் காட்டினார். பதினெட்டு நாள் கழித்து ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் தூசியில் இருக்கக் கூடாது. ஆடு, கோழி, வாத்து எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. இதை விட்டால் அடுத்த முகாம் மார்கழியில்தான். அதுவரை பார்வை தாங்காது என்று டாக்டர் சொன்னார்.

அவர் சாயங்காலம் திரும்பியபோது வாத்து வாசலில் மூங்கில் படலருகே நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் இறகு பிய்ந்திருந்தது. ரத்தம் காய்ந்திருந்தது.

“நீங்க போன நேரத்துல இருந்து இங்கேயேதான் நின்னுச்சு,” என்றாள் பேச்சி. “ஒரு வாய் தின்னலை. மத்ததோட சேர்த்து விட்டேன். கிழட்டு ஆண் வாத்து கொத்திப்புட்டுது.”

அவள் மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் பூசினாள். பூசிக்கொண்டே சொன்னாள்.

“எங்க ஐயா வாத்து வளர்த்தவரு. ஒத்தைக் குஞ்சை மனுசன் வளர்க்கக் கூடாதும்பாரு. அது தன்னையும் மனுசன்னு நெனைச்சுக்கிடும். பொரிச்ச அன்னைக்கே, இருட்டுனப்புறம் தாய்க்கு அடியில நுழைச்சு விட்டா அது ஏத்துக்கிடும். இல்லைன்னா ரெண்டு குஞ்சாவது சேர்த்து வளர்க்கணும்.”

“எனக்கு யாரும் சொல்லலையே.”

“அம்மாவுக்குத் தெரியுமே. நான்தான் அன்னைக்கே சொன்னேன். இருக்கட்டும், அவர் கையிலேயே இருக்கட்டும்னுட்டாக.”

ஆவுடையப்பன் நேராக வடிவம்மையிடம் போனார். வாத்தும் பின்னாலேயே போனது.

“ஆபரேஷன் வேண்டாம்மா,” என்றார். “ஒரு நாளைக்கே இந்தக் கதி. ஒரு மாசம்னா இது செத்துப்போகும்.”

“கண்ணு?”

“போனா போகட்டும். நான் என்ன பார்க்க வேண்டியிருக்கு?”

வடிவம்மை வாத்தின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“பதினெட்டு நாள் இருக்குல்ல,” என்றார். “பட்டியில நடுவே வலை கட்டுங்க. ஒரு பக்கம் அந்த ஆறு, இந்தப் பக்கம் இது. நீங்க வேலிக்கு வெளியே உட்காருங்க. அது உங்களைப் பார்க்கலாம். நீங்க உள்ளே போகக் கூடாது. நாளைக்கு ரெண்டு அடி தள்ளி. நாளன்னைக்கு இன்னும் ரெண்டு அடி.”

குஞ்சை ஏன் தாயிடம் விடவில்லை என்று கேட்கவும் நினைத்து வந்திருந்தார். கேட்காமல் திரும்பினார்.

முதல் நாள் வாத்து வேலியோரம் வந்து கத்தியது. வலைக்கு அந்தப் பக்கம் ஆறும் வைக்கோலில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. இது அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆவுடையப்பனைப் பார்த்தபடி தனியாகப் படுத்தது. மறுநாளும் அப்படியே. தீனியைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் ஆவுடையப்பன் உள்ளே போய்விட்டார். மடியில் வைத்து ஊட்டினார். அது முழுவதும் தின்றது. வெளியே வந்தபோது பேச்சி நின்றுகொண்டிருந்தாள்.

“எத்தனை ஆயிரம் பேரை இறக்கி விட்டிருப்பிய,” என்றாள். “ஒரு வாத்தை இறக்கி விட முடியலையே அண்ணாச்சி.”

அவர் மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஏழாம் நாள் அது கத்துவதைக் குறைத்தது. வலையோரம் கிடந்த புல்லை இரண்டு வாய் தின்றது. அந்தப் பக்கம் இருந்த இளம் வாத்து ஒன்றும் அதே இடத்துக்கு வந்து தின்றது. பத்தாம் நாள் அவர் முருங்கை மரத்தடிக்குத் தள்ளிப் போயிருந்தார். அங்கிருந்து பார்த்தால் அவருக்கு வாத்துகள் வெள்ளை வெள்ளையாகத்தான் தெரிந்தன. வலையோரம் தனியாக இருந்ததை வைத்து எது தன்னுடையது என்று கண்டுகொண்டார்.

பன்னிரண்டாம் நாள் வடிவம்மை வலையை அவிழ்க்கச் சொன்னார். கிழட்டு ஆண் வாத்து கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வந்தது. ஏழாவது ஓடியது. வேலியோரம் வந்து முருங்கை மரத்தைப் பார்த்துக் கத்தியது. ஆவுடையப்பன் எழுந்தார். பக்கத்தில் இருந்த வடிவம்மை வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் போகாமல் நின்றார். நின்றபடியே இருந்தார். அது நெடுநேரம் கத்திவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, தீனித் தொட்டியின் கடைசி ஓரத்துக்குப் போனது. கிழட்டு வாத்து ஒரு முறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு தன் பாட்டுக்குத் தின்றது.

அன்று ஆவுடையப்பன் அறையில் படுத்தபோது கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். வாத்து படுத்த சாக்கு மட்டும் இருந்தது. அதில் ஓர் இறகு ஒட்டியிருந்தது.

பதினைந்தாம் நாள் அவர் முருங்கை மரத்துக்கும் அப்பால், கிணற்றடியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். எந்த வாத்தும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“பார்த்தியா,” என்றார் பேச்சியிடம்.

“பார்த்தேன்,” என்றாள் அவள். ஒரு டம்ளர் மோரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் கிணற்று மேடையில் உட்கார்ந்தாள்.

பதினேழாம் நாள் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். ஒரே நாளில் குளம் ஏறியது.

பதினெட்டாம் நாள் காலை ஆவுடையப்பன் பையோடு கிளம்பினார். பஸ் நிறுத்தத்துக்குக் குளக்கரை வழியாகத்தான் போக வேண்டும். வடிவம்மை கரைவரை கூட வந்தார். கரைக்குக் கீழே நிறுத்தத்தில் பேச்சி ஒரு தூக்குச்சட்டியோடு நின்றாள். தோட்டவேலை பார்க்கும் சுடலைமுத்தும் நின்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொல்லி ஆவுடையப்பன் யாரையும் கேட்டிருக்கவில்லை.

குளத்தின் நடுவே வெள்ளையாகச் சில புள்ளிகள் மிதந்தன.

“நம்ம வாத்துகளாம்மா?”

“ஆமா.”

“எத்தனை இருக்கு?”

வடிவம்மை எண்ணினார். “ஏழு.”

ஆவுடையப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“அதுல எதும்மா என்னுது?”

வடிவம்மை கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார்.

“தெரியலை ஐயா. எல்லாம் ஒன்னுபோல இருக்கு.”

கரையில் காற்று அடித்தது. ஆவுடையப்பன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“பொரிச்ச அன்னைக்கே தாய்கிட்ட விட்டிருக்கலாம்,” என்றார். “உங்களுக்கு அது தெரியும்.”

“தெரியும்.”

“ஒத்தைக் குஞ்சை மனுசன் வளர்க்கக் கூடாது. அதுவும் தெரியும்.”

“தெரியும்.”

“பிறகு ஏம்மா என்கிட்ட விட்டீங்க? அது பட்ட பாட்டை நீங்களும் பார்த்தீங்க. நான் பட்டதையும் பார்த்தீங்க.”

வடிவம்மை தண்ணீரிலிருந்து பார்வையை எடுத்து அவரைப் பார்த்தார்.

“ஒன்னைத் தனியா வளர்க்கக் கூடாதுதான், ஐயா. ரெண்டாத்தான் வளர்க்கணும். அதனாலதான் உங்க ரெண்டு பேரையும் சேர்த்து விட்டேன்.”

ஆவுடையப்பன் கீழே நிறுத்தத்தில் தனக்காகக் காத்து நின்ற இருவரையும் பார்த்தார்.

“ஒன்னு தண்ணியில இறங்கிட்டுது,” என்றார் வடிவம்மை.