தூளியில் வந்த விதை

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடியாத காலம் அது. நெடுங்கோம்பை என்று மலைமேல் ஓர் ஊர் இருந்தது. பதினொரு வீடு, ஒரு சுனை, சரிவெல்லாம் சாமைக் காடு. ராஜா கிடையாது. ராஜா இல்லாமல் என்ன கதை என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த ஏற்றத்தில் ஏறி வர எந்த ராஜாவுக்கும் மூச்சு போதவில்லை. ஊருக்கு ஒரு மூப்பர் இருந்தார். அவர் போதும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விதைத் தானியம், விதைக்கிற காட்டைத் தவிர வேறெங்கும் மண்ணைத் தொடக் கூடாது. தின்கிற சாமையை எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம், குத்தலாம், புடைக்கலாம். விதைச் சாமை மட்டும் பரணிலேயே இருக்கும்; அது நிறைந்த பையின் அடிகூட மண்ணில் படக் கூடாது. ஏன் என்று கேட்டால், "விதைக்குப் பொறுமை கிடையாது. மண்ணைத் தொட்டதும் வீடு வந்துவிட்டது என்று கண்ணைத் திறந்துவிடும்" என்பார்கள். மண் தொட்ட விதையை வாங்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள், விதைக்கவும் மாட்டார்கள்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. சாமை கதிர் பிடிக்காமல் கருகியது. பசி தாங்க முடியாமல் பதினொரு வீட்டாரும் பரணில் இருந்த விதையை வறுத்துத் தின்றார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அப்படித் தின்றும், பூவாயி என்பவளின் மூத்த பிள்ளை பிழைக்கவில்லை. இரண்டாவது பிள்ளை கைக்குழந்தை. அது தூளியில் கிடந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் விழித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் மேற்கே மேகம் கூடியது. மழை வரப்போகிறது. விதைக்கத்தான் ஒரு மணி இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் ஈச்சங்காடு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர். அங்கிருந்து சொல்லி அனுப்பினார்கள்: "மூன்று பேர் வாருங்கள். ஆளுக்கு ஒரு முதுகுச் சுமை விதை தருகிறோம். அதற்கு மேல் எங்களிடமும் இல்லை."

போக மூன்று நாள், வர மூன்று நாள். மாடு நடக்காத பாதை. தலைச்சுமையும் ஆகாது, கிளை தட்டிவிடும். இரண்டு கையாலும் வேரைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. ஆகவே முதுகில்தான் சுமக்க வேண்டும். ஊர் கூடிச் சீட்டுப் போட்டதில் மூன்று வீட்டுக்கு விழுந்தது.

முதல் சீட்டு வீரணனுக்கு. ஊரிலேயே பலசாலி. அவன் நடந்தால் பலகைப் பாலம் முனகும். இரண்டாவது சீட்டு சின்னாண்டிக்கு. ஊரிலேயே கெட்டிக்காரன். அப்படித்தான் அவனே சொல்லிக்கொண்டான். மூன்றாவது சீட்டு பூவாயி வீட்டுக்கு. அவள் புருஷன் தேன் எடுக்கப் போய் விழுந்து கால் முறிந்து கிடந்தான். வீட்டு முறை வீட்டு முறைதான். அவள் கிளம்பினாள்.

மறுநாள் காலை மூவரும் தங்கள் பைகளோடு சுனையடியில் வந்து நின்றார்கள்.

வீரணன் கொண்டுவந்தது தோல் பை. ஒரு முழுக் காளையின் தோல். வாயை வாரால் இறுக்கிக் கட்டினால் காற்றும் நுழையாது. தோளிலும் இடுப்பிலும் பட்டை கட்டி, முதுகோடு ஒட்டிக்கொள்ளும். "பத்து மரக்கால் புடிக்கும்" என்றான் வீரணன்.

சின்னாண்டி கொண்டுவந்தது பிரம்புக் கூடை. இரண்டு நாள் உட்கார்ந்து அவனே பின்னியது. உள்ளே சாணம் மெழுகி ஓட்டையெல்லாம் அடைத்திருந்தான். அடியில் நான்கு மூங்கில் கால் வைத்திருந்தான். "இறக்கி வச்சா காலுதான் மண்ணைத் தொடும். வெதை தொடாது. எட்டு மரக்கால் புடிக்கும்" என்றான். கூட்டம் வாயைப் பிளந்தது.

பூவாயி கொண்டுவந்தது பிள்ளையின் தூளித் துணி. அவளுடைய பழைய சேலை. இரண்டு பிள்ளைகளும் கிடந்து கிடந்து நூல் மெலிந்து, பால்வாடை ஏறிப்போயிருந்தது. அதை நாலு மடிப்பாக மடித்து முதுகில் கட்டி, மாரில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

"மதினி, பிள்ளையத் தூக்கப் போறியா, வெதையத் தூக்கப் போறியா?" என்றான் சின்னாண்டி. அவன் அவள் புருஷனுக்குத் தம்பி. கேலி பேச உரிமை உள்ளவன்.

"எனக்குத் தூக்கத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் கொழுந்தனாரே" என்றாள் பூவாயி. "நாலு மரக்கால் புடிச்சாப் போதும்."

எவ்வளவு பிடிக்கும் என்று ஊரே கேட்டது. மூப்பரும் அதைத்தான் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருந்தது. அது யாருக்கும் தோன்றவில்லை.

போகும்போது ஒன்றும் கதையில்லை. வெறும் பை கனக்காது. ஈச்சங்காட்டில் சம்பந்திகள் கூழ் ஊற்றி, பாய் விரித்து, வீரணனுக்குப் பத்து, சின்னாண்டிக்கு எட்டு, பூவாயிக்கு நாலு என்று அளந்து கொடுத்தார்கள். கதை திரும்பி வருகிற வழியில்தான்.

முதல் நாள் முழுக்கக் காடு. பொழுது சாய மூவரும் ஓரிடத்தில் தங்கினார்கள். சின்னாண்டி கூடையை இறக்கினான். அது நாலு காலில் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது. பூவாயி முடிச்சை அவிழ்த்து, துணியோடு தூக்கி, தாழ்ந்த கிளையில் தூளி கட்டினாள். விதை காற்றில் மெல்ல ஆடியது. வீரணன் சுற்றுமுற்றும் பார்த்தான். தோல் பைக்குக் காலும் இல்லை, கிளையில் கட்ட நீளமும் இல்லை. பத்து மரக்காலைத் தாங்குகிற கிளையும் இல்லை. பக்கத்தில் ஒரு பாறை இருந்தது. அதன்மேல் வைத்தான்.

"பாறைதானே, மண்ணு இல்லையே" என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

அது சரிதான் என்று வையுங்கள். பாறை மண் இல்லை.

இரண்டாம் நாள் புல்வெளி. கால் வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர் கசிகிற வெளி. தூறலும் விட்டு விட்டுப் பெய்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் பாறை இல்லை, மரமும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் பாதையை விட்டு வெகு தூரம் தள்ளி. பொழுது சாய்ந்தபோது சின்னாண்டி கூடையை இறக்கினான், கால்கள் சேற்றில் ஒரு சாண் இறங்கி நின்றன. மேலே ஓலையைக் கவிழ்த்துவிட்டு, "பாத்தீங்களா" என்று உட்கார்ந்துகொண்டான்.

பூவாயியும் நாள் முழுக்கச் சேற்றில் நடந்து களைத்திருந்தாள். அவள் அந்த ஒற்றை மரத்தைப் பார்த்தாள். அப்புறம் அதை நோக்கி நடந்தாள். போய்ச் சேர்ந்து தூளியைக் கட்டினாள். துணி தூறலில் ஈரமாகியிருந்தது. மடிப்பைத் தளர்த்திவிட்டு, உள்ளே கை விட்டு விதையைக் கிளறிக் கிளறிக் காற்றாட விட்டாள். பிள்ளை நனைத்துவிட்டால் செய்கிற வேலைதான் இது.

வீரணன் கடைசியில் வந்து சேர்ந்தான். பட்டை அறுத்த இடத்தில் தோளில் ரத்தம் கசிந்தது. மரம் வரைக்கும் நடக்க அவனால் ஆகவில்லை. அடர்த்தியாகப் புல் இருந்த இடமாகப் பார்த்துப் பையை இறக்கினான்.

"புல்லுதானே, மண்ணு இல்லையே" என்றான். இந்தத் தடவை குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

மூன்றாம் நாள் இறக்கம். ஊருக்கு மேலே இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு உண்டு. ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். போகும்போது வெறும் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் போன சின்னாண்டிக்கு, வரும்போது அது நிறைந்திருக்கும் என்பது நினைவில் இல்லை. கெட்டிக்காரர்களுக்கு இப்படித்தான் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

அவன் கூடையைப் பக்கவாட்டில் செருகினான். மூங்கில் கால் பாறையில் மாட்டிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. தள்ளினான். போகவில்லை. பல்லைக் கடித்து முழு மூச்சோடு ஒரு இழுப்பு இழுத்தான். பிரம்பு நடுவில் பிளந்தது. எட்டு மரக்கால் சாமையும் சரசரவென்று மண்ணில் கொட்டியது. சாமை எவ்வளவு சின்ன மணி என்று உங்களுக்குத் தெரியும். அள்ளினால் மண்தான் கைக்கு வரும். அடுத்த மாதம் அந்த இடுக்கு முழுவதும் பச்சைப்பசேல் என்று முளைத்து நின்றது என்றும், குருவிகள் சின்னாண்டியை வாழ்த்தின என்றும் சொல்வார்கள்.

பூவாயி முடிச்சை முதுகுக்குத் திருப்பி, மூட்டையை முன்னால் கொண்டுவந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். துணி நீளவாக்கில் ஒடுங்கிக்கொடுத்தது. தூங்குகிற பிள்ளையோடு கூட்டத்தில் நுழைகிற மாதிரி ஒருக்களித்து நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

வீரணன் பையைக் கழற்றிக் கீழே போட்டான். காலால் தள்ளித் தள்ளி, மண்ணோடு இழுத்துக்கொண்டு போனான். மண் இல்லையே என்று சொல்ல இந்தத் தடவை வழியில்லை.

ஊர் சுனையடியில் கூடியிருந்தது. பூவாயியின் புருஷன் கட்டுப் போட்ட காலை நீட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூளியில்லாமல் ஆறு நாளாகப் பிள்ளை சரியாகத் தூங்கவில்லை. நடுவில் பலகையின்மேல் ஊர்க் குதிர். வருகிற விதையையெல்லாம் அதில் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, பதினொரு வீட்டுக்கும் பங்கு பிரிப்பது வழக்கம். மேகம் தலைக்கு மேலே வந்துவிட்டது.

மூப்பர் முறைப்படி கேட்டார். "பூவாயி, மண்ணு தொட்டுச்சா?"

"தொடலைங்க."

நாலு மரக்கால் குதிருக்குள் போனது. உலர்ந்த சத்தத்தோடு விழுந்தது.

"சின்னாண்டி?"

அவன் பிளந்த கூடையைத் தூக்கிக் காட்டினான். ஊர் அவனைத் திட்டவில்லை. பத்து மரக்கால் பின்னால் நிற்கிறதே என்ற தைரியம். எல்லோரும் வீரணன் பையைத்தான் பார்த்தார்கள். இரண்டு பேர் அதைத் தூக்கிக் குதிரின் விளிம்பில் சாய்த்து, வாரை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

"வீரணா, மண்ணு தொட்டுச்சா?"

வீரணன் ஊரைப் பார்த்தான். எல்லார் முகத்திலும் சிரிப்பு. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்போது பூவாயியின் பிள்ளை அழுதது. சத்தமே வராத ஒரு அழுகை. வாய் மட்டும் கோணியது.

"நிறுத்துங்க" என்றான் வீரணன். "என் பையக் கொட்டாதீங்க. பாறையில வச்சேன், பாறை மண்ணு இல்லைன்னேன். புல்லுல வச்சேன், புல்லு மண்ணு இல்லைன்னேன். இன்னைக்கு மண்ணுலயே போட்டு இழுத்துட்டு வந்தேன்."

மூப்பர் பையைத் தள்ளி வைத்துத் திறக்கச் சொன்னார். திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. தையல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. காற்றுப் போகாத தோலுக்குள் விதை புழுங்கி, புளித்து, வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. அதைக் கொட்டிக் கலந்திருந்தால் ஒரே நாளில் பூவாயியின் நாலு மரக்காலும் கெட்டிருக்கும். மூப்பருக்கு உட்கார வேண்டும் போல இருந்தது, உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, நீ நாலு மரக்கால்னு சொன்னப்ப மனசுக்குள்ள சிரிச்சேன்" என்றான் வீரணன்.

"அண்ணே, நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா அந்த நாலும் போயிருக்கும்" என்றாள் பூவாயி. பிறகு இருவரும் அழுதார்கள். அழ வேண்டிய நேரம்தான் அது.

நாலு மரக்காலைப் பதினொரு வீடு பிரித்துக்கொண்டது. காட்டில் பாதிக்குக்கூட விதை போதவில்லை. ஆனால் விதைத்தார்கள். முளைவிட்ட பத்து மரக்காலைக் கழுவி, உலர்த்தி, குத்தி, கதிர் வரும்வரை கஞ்சி காய்ச்சினார்கள். புளிப்பு வாடை அடித்தது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பூவாயியின் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே அழுகைக்குச் சத்தம் வந்துவிட்டது. அடுத்த வீடுகளுக்குத் தூக்கம் போனது.

விதை வந்து சேர்ந்த அன்று மாலை பூவாயி தூளித் துணியை உதறப் போனாள். முடிச்சு மடிப்பில் மூன்று சாமை ஒட்டிக்கொண்டிருந்தது. உதறவில்லை. மூன்றையும் உள்ளங்கையில் எடுத்து, மூடிக்கொண்டு, காட்டுவரை நடந்து போய் வரப்போரத்தில் விரலால் அழுத்தி வைத்தாள். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து விட்டத்தில் தூளியைக் கட்டினாள். பிள்ளையைப் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டுவதற்குள் அது தூங்கிவிட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

கேட்டவர்கள் இதை மனசில் வையுங்கள்: முதுகில் ஏற்றப் போகிற பை எவ்வளவு பிடிக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், அதை எங்கே எப்படி இறக்கி வைப்போம் என்று பார்ப்பவரே சுமையைக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.