ஊரெல்லாம் பித்தம்

அன்று காலை ஆவுடையப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வைத்தியசாலையின் பின்கட்டில் சங்கரவடிவு அம்மாள் மூலிகை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆவுடையப்பன் கிணற்றடிக்கும் கதவுக்குமாக நடந்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். அடுத்த நிமிஷமே எழுந்து மறுபடி நடந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

குருவுக்கு வயது நாற்பது, சிஷ்யருக்கு அறுபது. அதனால் குரு சிஷ்யரை அண்ணாச்சி என்றார். சிஷ்யர் குருவை அம்மா என்றார். அந்த மலையடிவாரத்து ஊரில் இதை யாரும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை. அம்மாள் தன் அப்பாவிடம் நாடி பார்க்கக் கற்றவர். ஆவுடையப்பன் பஸ்களில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் வேலையில் இருந்து, ஓய்வு பெற்ற பிறகு அம்மாளிடம் கற்க வந்தவர்.

"வைத்தியன்கிட்ட ஒருத்தி எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று கேட்டார்.

"யாரு சொன்னா?"

"மாடத்தி."

மாடத்தி பீடி சுற்றுகிறவள். ஆவுடையப்பன் தனியாக நாடி பார்த்த முதல் ஆள் அவள்தான். இருமல் என்று வந்தாள். நாடியில் பித்தம் துள்ளியது. உடம்புச் சூட்டைத் தணிக்க நன்னாரிக் கஷாயம் கொடுத்து, தினமும் மோர் குடிக்கச் சொன்னார். அடுத்த முறை வந்தபோது, "இருமல் போயிட்டுல்லா?" என்று கேட்டார். "போயிட்டு சார்" என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் சொன்னார், பார்பர் கடையில் சொன்னார். அவர் மனைவிக்கு அந்தக் கதை மனப்பாடமே ஆகிவிட்டது.

"நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்மா. கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு இருமுதா. அப்படியே சுருண்டுட்டா. என்னப் பாத்ததும் நிமிந்து, வாயைத் துடைச்சுக்கிட்டு சிரிக்கா. 'நல்லாயிருக்கேன் சார்'ங்கா. நான் கேக்கவே இல்ல."

அம்மாள் ஒரு பூச்சி அரித்த இலையைத் தூரப் போட்டார்.

"ராத்திரி அவ புருஷன் வந்தான். மாடத்திக்கு உறக்கமே இல்லையாம். சோறு இறங்கலையாம். இப்படியே போனா பிழைக்க மாட்டாளோன்னு அழுதான். இன்னைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

ஆவுடையப்பன் நின்றுவிட்டார்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சாருக்குத் தெரியாம பாத்துக்கிடுங்கன்னுதான் சொன்னான்."

சொன்னவன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. வலித்தது. அவ்வளவுதான்.

"நான் யாரையும் அதட்டினது உண்டாம்மா?"

"இல்ல."

அது உண்மை. அவர் குரலை உயர்த்திப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான். ஆனால் அவர் பஸ்ஸில் ஏறினால், டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பவனும் சட்டைப் பையைத் தடவுவான். அதெல்லாம் தொப்பியைப் பார்த்து என்று அவர் நினைத்திருந்தார். ஓய்வு பெற்ற அன்றே தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்பது அவர் கணக்கு.

"மத்தவுகளுக்கு நாடி எப்படி இருக்கு?" என்று அம்மாள் கேட்டார்.

"அது வேற குழப்பம். இந்த ஒரு மாசமா யாரைப் பாத்தாலும் பித்தம். கிழவனுக்கும் பித்தம், குமரிக்கும் பித்தம். தண்ணியில கோளாறோன்னு குளத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாத்தேன். பரோட்டாவா இருக்குமோன்னு கடைக்காரன்கிட்ட விசாரிச்சேன். இப்ப அவன் என்னக் கண்டா எதிர்ச் சந்துல போறான்."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழுந்தார். கொடியில் கிடந்த பழைய சீலை ஒன்றை எடுத்துப்போய் முன்னறையின் குறுக்கே கட்டினார்.

"உள்ள வந்து உக்காருங்க. இன்னைக்கு நாடி நீங்க பாருங்க. நான் பேசுதேன். நீங்க வாயைத் திறக்கப்படாது."

"எதுக்கு?"

"இப்பவே திறந்துட்டியளே."

வந்தவர்களிடம் அம்மாள், "இன்னைக்கு இப்படித்தான், கையை மட்டும் நீட்டுங்க" என்றார். வைத்தியர் வீட்டில் நாக்கை நீட்டச் சொன்னாலும் நீட்டுகிறவர்கள்தான். ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

முதலில் ஒரு பெரியவரின் வலது கை சீலைக்கடியில் இவர்கள் பக்கம் வந்தது. ஆவுடையப்பன் மூன்று விரல்களையும் மணிக்கட்டில் பதித்தார். ஆட்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். மருந்து இடித்து இடித்து அம்மாள் விரல்களும் காய்த்துத்தான் இருக்கும். பெரியவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாடி நிதானமாக நடந்தது. நடுவிரலில் பித்தம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். இல்லை. போன வாரம் இதே பெரியவருக்குப் பித்தச் சூரணம் கொடுத்திருந்தார்.

அடுத்து ஒரு பெண்ணின் இடது கை. கொஞ்சம் வாதம், பித்தம் இல்லை. அதற்கடுத்த பையனுக்கு ஒன்றுமே இல்லை. அவனுக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை.

ஆவுடையப்பன் விரல்களை உதறினார். வேட்டியில் தேய்த்தார். அம்மாள் காதருகே குனிந்து, "விரலு மரத்துப் போச்சும்மா. ஒண்ணுமே தெரியல" என்றார்.

"பேசப்படாதுன்னு சொன்னேன்."

பேசாமல் இருப்பது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி எருமை கன்று போட்டதில் ஆரம்பித்து, மருமகளின் தம்பி கல்யாணத்தைத் தாண்டி, பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சண்டை வரை வந்துவிட்டாள். வயிற்று வலி இன்னும் வந்தபாடில்லை. அவராக இருந்தால், "சரி, வயிறுதானே? சாப்பிட்ட பிறகுதானே?" என்று முதல் வரியிலேயே முடித்திருப்பார். அவர் கால் தானாக ஆடியது. சங்கரவடிவு அம்மாளோ எருமைக்குப் பால் எவ்வளவு என்று கேட்டார்.

பிறகு இன்னொரு இடது கை வந்தது. வளையல்கள் முழங்கை வரை சரிந்து நின்றன. கட்டைவிரல் ஓரத்தில் கத்தரிக்கோல் பிடித்த தழும்பு. விரல் நுனியில் புகையிலைக் கறை.

அந்தக் கையை அவருக்குத் தெரியும். இவ்வளவு மெலிந்து அதை அவர் பார்த்ததில்லை.

விரல்களை வைத்தார். நாடி மந்தமாக, கனமாக, மோதிர விரலுக்கடியில் ஊர்ந்தது. கபம். முழுக்க முழுக்கக் கபம். நெஞ்சு நிறையச் சளியோடு வந்தவளுக்குத்தான் மோர் கொடுத்து, நன்னாரி கொடுத்து, மேலும் மேலும் குளிர்வித்திருக்கிறார்.

"இருமல் எப்படி இருக்கு மாடத்தி?" என்று அம்மாள் கேட்டார்.

"விடிய விடிய இருமல்தாம்மா. நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. மோர் குடிச்சா கூடுது."

"பின்ன ஏன் குடிச்சே?"

"சார் குடிக்கச் சொன்னாவளே."

"கூடுதுன்னு அவுககிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

மாடத்தி குரலைத் தாழ்த்தினாள்.

"போயிட்டுல்லான்னு கேட்டாவ. போயிட்டுன்னு சொல்லிட்டேன்."

"ஏசுவாவளோ?"

"ஐயோ, தங்கமான மனுஷன்மா. ஒருநாளும் முகஞ்சுளிச்சது கிடையாது. என் பிள்ளைய பேரு, படிப்பு எல்லாம் ஞாபகம் வச்சுக் கேப்பாவ."

"அப்புறம் என்ன?"

"சொல்லத் தெரியலம்மா. நான் வாயைத் திறக்கதுக்குள்ள அவுகளே முடிச்சிருவாவ. அவுக முன்னால உக்காந்தா, டிக்கெட்டு கையிலதான் இருக்கு, ஆனாலும் தொலைச்சிட்ட மாதிரி இருக்கு."

இதற்கு மேல் ஆவுடையப்பனால் தாங்க முடியவில்லை.

"மாடத்தி" என்றார்.

தன்னால் எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னார்.

விரலுக்கடியில் நாடி துள்ளியது. மந்தமாக ஊர்ந்துகொண்டிருந்த அது இப்போது நடுவிரலை முட்டி முட்டிக் குதித்தது. அவருக்கு நன்றாகப் பழக்கமான துள்ளல். ஒரு மாதமாகக் கிழவனிடமும் குமரியிடமும் அவர் பார்த்து, பித்தம் பித்தம் என்று மருந்து கொடுத்தது இதற்குத்தான்.

"சாரா?" சீலைக்கு அந்தப் பக்கம் குரல் மாறியது. "இப்ப தேவலை சார். அவ்வளவா இருமல் இல்ல சார்."

சொல்லிவிட்டு மாடத்தி மூச்சை அடக்கினாள். கிளம்பிய இருமலை அவள் விழுங்குவது மணிக்கட்டு வரை வந்து அவர் விரலில் தெரிந்தது.

"நான் வெளிய போறேம்மா" என்று ஆவுடையப்பன் எழப் பார்த்தார். "நான் பக்கத்துல இருந்தா இவ இருமாமலே செத்துப் போவா."

"கையை எடுக்காதிய."

"என் குரலைக் கேட்டே நடுங்குதாம்மா."

"தெரிஞ்சிட்டுல்லா? தெரிஞ்ச பொறவு விட்டுட்டுப் போனா எப்படி? பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. துள்ளல் இறங்கட்டும்."

அம்மாள் சீலையை அவிழ்த்துச் சுருட்டினார். மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆவுடையப்பனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். மோரை இன்றோடு நிறுத்து என்று சொல்ல வேண்டும். முதலில், பயப்படாதே என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அவர் உதடு அசைந்ததுமே நாடி இன்னொரு துள்ளல் துள்ளியது.

வாயை மூடிக்கொண்டார்.

கால் ஆட ஆரம்பித்தது. இன்னொரு கையால் தொடையை அழுத்திப் பிடித்தார். அவள் முகத்தைப் பார்த்தால் நாடி ஏறியது. அதனால் சுவரைப் பார்த்தார். சுவரில் பல்லி ஒன்று இருந்தது. அதுவும் அசையாமல் இருந்தது அவருக்கு எரிச்சலாக வந்தது. வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். அம்மாள் கையமர்த்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

நாடி கொஞ்சம் இறங்கியது. அவர் பெருமூச்சு விட்டார், மறுபடி ஏறியது. அடுத்த மூச்சைச் சத்தமில்லாமல் விட்டார். விரலுக்கடியில் இத்தனை நேரம் ஒரு ஆளை அவர் வைத்துப் பார்த்ததே இல்லை. வேர்த்துக் கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் பயமாக இருந்தது.

வெயில் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. நாடி இறங்கியது. பிறகு ஏறவில்லை.

மாடத்தி இருமினாள்.

யாரிடமும் கேட்காமல், வாயைப் பொத்தாமல், உடம்பெல்லாம் குலுங்க அவர் முகத்துக்கு எதிரே இருமினாள். கண்ணில் நீர் வந்தது. இருமி இருமி ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தேவலை என்று சொல்லவில்லை. கை அவர் கையிலேயே இருந்தது.

ஆவுடையப்பன் இன்னொரு கையால் வேர்வையைத் துடைத்தார். குருவின் பக்கம் திரும்பினார்.

"என்ன மருந்தும்மா கொடுக்க?"

"மருந்துக்கு என்ன அவசரம்?" என்றார் சங்கரவடிவு அம்மாள். "மாடத்தி இப்பத்தானே வந்திருக்கா. என்ன செய்யுதுன்னு கேளுங்க."