பெர்சியாள் இடித்த சுவர்

மேற்கு மலைக் காட்டில் பெர்சியாள் என்று ஓர் இருவாச்சிப் பறவை இருந்தாள். பெரிய மஞ்சள் அலகு. அதன்மேல் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரு மேடு. அவள் பறந்தால் இறக்கைச் சத்தம் அடுத்த மலைவரை கேட்கும். அந்தக் காட்டில் அவளைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னாலும் அவள் விடமாட்டாள்.

அந்தக் காட்டு ஜனங்கள் ஆண்டவருக்குப் பயந்து நடக்கிறவர்கள். விடிந்ததும் பெரிய அத்திமரத்தில் கூடுவார்கள். ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் பழத்தில் வாய் வைப்பார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும், "எல்லாம் கிருபை" என்பார்கள். அதை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்கிறவள் பெர்சியாள்தான்.

சொன்னது வாய். அவள் மனசு நம்பியிருந்தது தன் இரண்டு இறக்கைகளை. அது அவளுக்கே தெரியாது.

உழைப்பாளி, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குரங்குக் குட்டிக்குக் காய்ச்சல் என்றால் முதல் பழம் அவளுடையதாக இருக்கும். பக்கத்து மரத்து மலை அணில் லோவிசாளுக்குக் கால் சுளுக்கியபோது, மழை வெயில் பாராமல் நாவல்பழம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதிலுக்கு யாராவது ஒரு கொட்டையை நீட்டினால் போதும், அப்படியே பின்னால் நகர்ந்துவிடுவாள். எனக்கெதற்கு, ஆண்டவர் கிருபையில் என் இறக்கை நன்றாகத்தானே இருக்கிறது என்பாள்.

நல்ல குணம்தானே என்று நீங்கள் கேட்கலாம். காடும் அப்படித்தான் நினைத்தது.

அந்த வருஷம் அவளுக்கும் தீத்து என்கிற ஆண் இருவாச்சிக்கும் கல்யாணமானது. தீத்து அதிகம் பேசமாட்டான். பெர்சியாளைக் கட்டியவன் பேசித்தான் என்ன ஆகப்போகிறது?

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து, உள்ளிருந்தே வாசலைச் சுவர்போல் அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உடும்புக்கும் பாம்புக்கும் பயந்துதான் இவ்வளவும். உள்ளே போனபின் அதன் இறக்கையிலுள்ள பெரிய இறகெல்லாம் உதிர்ந்துவிடும். புதிது முளைக்கிறவரை பறக்க முடியாது. ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டினால்தான் தாய்க்கும் சாப்பாடு, குஞ்சுக்கும் சாப்பாடு.

தன் முறை வந்தபோது பெர்சியாளுக்கு உள்ளே போக மனசு வரவில்லை. பொந்தின் வாசலில் நின்றுகொண்டு தீத்துவைப் பார்த்தாள்.

"நீங்க ஒரு நாள் வராமப் போனா?"

"வருவேன்."

"வர முடியாமப் போனா?"

"நான் சுமந்துட்டு வர்றவன்தான், பெர்சி. அத்திமரத்தை நானா நட்டேன்? கொடுக்கிறவர் வேற. அவர் பார்த்துக்குவார்."

"அதெல்லாம் சரி," என்றாள் பெர்சியாள். விசுவாசிகள் அதெல்லாம் சரி என்று இழுத்தால், அவர்களுக்கு அது சரிப்படவில்லை என்று அர்த்தம்.

உள்ளே போனாள். சுவரைக் கட்டினாள். கட்டுவதிலும் கெட்டிக்காரிதான், ஓர் எறும்பளவு ஓட்டை கிடையாது. முட்டையிட்டாள். இறகுகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. விழுந்த இறகைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பகீர் என்றது.

தீத்து சொன்னபடி வந்தான். வெயில் ஏறுமுன் ஒரு தடவை, சாயும்போது ஒரு தடவை. தொண்டைப் பையிலிருந்து பழத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கீறலில் நீட்டுவான். அவள் வாங்கி, ஸ்தோத்திரம் சொல்லி, பாதியைத் தின்றாள். மீதியைப் பொந்தின் மூலையில் ஒளித்துவைத்தாள். அவன் வராத நாளுக்கு வேண்டுமே. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள். இதைப்பற்றி அவனிடம் மூச்சுவிடவில்லை. கொஞ்சம் நாம் பார்த்துக்கொண்டால் மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பது அவள் கணக்கு.

மரப்பொந்து என்ன குளிர்பெட்டியா? பழம் புளித்தது. பிறகு நாறியது. வாசனை பிடித்து எறும்புகள் அந்தக் கீறல் வழியாகவே சாரை சாரையாக ஏறி வந்தன. அந்தச் சமயம் பார்த்துத்தானா குஞ்சு பொரிக்க வேண்டும்? இறகே இல்லாத, செக்கச்செவேல் என்ற குஞ்சு. எறும்பு கடித்ததும் அது வீறிட்டுக் கத்தியது. பெர்சியாள் பதறி, சேர்த்துவைத்ததை எல்லாம் வாரிக் கீறல் வழியாக வெளியே கொட்டினாள். கடைசி எறும்பையும் கொத்தி முடித்தபிறகுதான் உட்கார்ந்தாள்.

கீழ்க்கிளையில் போய்க்கொண்டிருந்த லோவிசாளின் தலைமேல் பாதி விழுந்தது. என்ன மதினி, அழுகின பழமா வருகிறதே என்று அவள் கேட்டாள். வீட்டைக் கொஞ்சம் ஒதுங்கவைக்கிறேன், வேறொன்றுமில்லை என்று பெர்சியாள் சமாளித்தாள்.

மூலை காலியாயிற்று. அவளுக்கு ஒரே பயம். வேளைக்கு வேளை தீத்து வருகிறானா என்று கீறலில் கண்ணை வைத்துக்கொண்டே இருந்தாள். அவன் வந்துகொண்டுதான் இருந்தான்.

பிறகு கோடைமழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் சாதாரண மழையில்லை. காற்றும் கூடச் சேர்ந்துகொண்டு மலையைப் போட்டு உலுக்கியது. அன்று சாயங்காலம் தீத்து வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை.

மத்தியானம் லோவிசாள் நனைந்துகொண்டே வந்து செய்தி சொன்னாள். பெரிய அத்திமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. பக்கத்தில் எங்கேயும் பழமில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தேடப்போன தீத்து அண்ணன், காற்று விடாததால் திரும்ப முடியாமல் இருக்கிறாராம். சொல்லிவிட்டு லோவிசாள், தன் குட்டிகளுக்கு எடுத்துவைத்திருந்த பலாவில் ஒரு சுளையைக் கீறலில் நீட்டினாள்.

"இதை வாங்கிக்கோங்க மதினி. பிள்ளை வாடிப்போகும்."

பெர்சியாள் அந்தச் சுளையைப் பார்த்தாள். மணமே ஆளைத் தூக்கியது. ஆனால் யாரிடமும் வாங்கிப் பழக்கமில்லாத வாய், தானாகப் பதில் சொல்லிவிட்டது.

"உங்க பிள்ளைகளுக்குக் கொடுங்க. எங்களுக்கு இருக்கு."

எங்கே இருந்தது? ஒரு தோல்கூட இல்லை. லோவிசாள் எவ்வளவோ வற்புறுத்திப் பார்த்தாள். பிறகு தன் குட்டிகள் நனையுமே என்று போய்விட்டாள். ஆண்டவர் வாசல்வரை அனுப்பியதை இப்படியும் ஒருத்தி திருப்பி அனுப்புவாளா என்று கேட்காதீர்கள். நாம் அனுப்பாததா?

மழை பெய்த நேரமெல்லாம் குஞ்சு அழுதுகொண்டே இருந்தது. அடுத்த நாள் விடிந்தபோது அது அழவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்க்கப் பெர்சியாளால் முடியவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என் பிள்ளையைச் சாகக் கொடுக்க வேண்டுமா? ஆண்டவர் எனக்குப் புத்தியும் பலமும் எதற்குக் கொடுத்தார்? நானே போய்க் கொண்டுவருகிறேன்.

ஓங்கிச் சுவரில் ஒரு குத்துக் குத்தினாள். அவளே கட்டிய சுவர், லேசில் விழாது. குத்திக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் உடைந்தது. பிறகு மொத்தமும் பொலபொலவென்று கீழே கொட்டியது. மழை விட்டிருந்தது. நல்ல வெயில். பெர்சியாள் வாசலில் கால் வைத்து, ஆண்டவரே துணை என்று சொல்லி, இறக்கையை விரித்தாள்.

தேய்ந்த விளக்குமாறு மாதிரி நாலைந்து குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான். இறகு எல்லாம் எப்போதோ போய்விட்டது. எறும்பிலும் மழையிலும் பசியிலும் அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

கீழே பாறையில் ஓர் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் மரத்தில் ஏற ஆரம்பித்தது.

"வாசலை நீயே திறந்து வச்சிருக்கியேம்மா," என்றது. "இந்தக் காட்டுல உன்னை மாதிரி உபசாரம் பண்ண யாரு இருக்கா?"

பெர்சியாள் உள்ளே ஓடிக் குஞ்சின்மேல் கவிழ்ந்துகொண்டாள். வாசலை மறுபடி அடைக்கலாமென்றால் குழைப்பதற்கு மண்ணும் இல்லை, பழமும் இல்லை. அலகால் அடிக்கலாமென்றால் தலையைத் தூக்கவே தெம்பில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது. மரப்பட்டையில் நகம் கீறுகிற சத்தம் கிட்டக் கிட்டக் கேட்டது. இத்தனை வருஷம் அத்திமரத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி ஜெபித்தவளுக்கு, அந்த நேரத்தில் மூன்று வார்த்தைதான் வந்தது.

"ஆண்டவரே, என்னால முடியல."

இறக்கைச் சத்தம் கேட்டது. தலை தூக்கிப் பார்ப்பதற்குள் பொந்தே இருட்டாகிவிட்டது. தீத்து வாசலில் வந்து மோதி, இரண்டு இறக்கையையும் அகல விரித்து, நகத்தால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, உடைந்த சுவர் இருந்த இடத்தில் தன் உடம்பையே வைத்து அடைத்துவிட்டான். முகம் உள்ளே, முதுகு வெளியே. மழையில் ஊறி, ஆளே பாதியாகியிருந்தான். உடும்பு அவன் வாலைக் கவ்வி இழுத்தது. அவன் உடம்பு குலுங்கியது. பிடியை விடவில்லை.

பெர்சியாளுக்கு அவனைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அழுகையாக வந்தது. பழத்தை ஒளித்துவைத்தது, லோவிசாள் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"சுவரை நான்தான் இடிச்சேன்," என்றாள் கடைசியாக.

"தெரியுது. வாயைத் திற."

"உங்க வாலை அது..."

"அது என் பாடு. வாயைத் திற, பெர்சி."

"பிள்ளைக்கு முதல்ல."

"பிள்ளைக்கும் இருக்கு, உனக்கும் இருக்கு. திற."

பெர்சியாள் கண்ணை மூடிக்கொண்டு, அப்போதுதான் முட்டையிலிருந்து வந்த குஞ்சு மாதிரி வாயைத் திறந்தாள். அத்திப்பழம் ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. அடுத்தது குஞ்சின் வாயில். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பழம், இவ்வளவு தித்திப்பை அவள் தின்றதே இல்லை. ஒளித்துவைக்க வேண்டும் என்கிற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

வெளியே தீத்துவின் வால் மொத்தமும் உடும்பின் வாயோடு போய்விட்டது. வாய்நிறைய இறகு அடைத்து அது திணறுகிற நேரத்தில், லோவிசாள் போட்ட கூச்சலில் குரங்குக் கூட்டம் வந்து சேர்ந்தது. உடும்பு மரத்திலிருந்து கீழே விழுந்து புதருக்குள் போனது.

தின்ற பழத்தின் சக்கையைக் கொண்டே பெர்சியாள் மறுபடி சுவரைக் கட்டினாள். ஈரமண்ணைத் தீத்து எடுத்துக்கொடுத்தான். அந்த மண்ணுக்காக இறங்கியதைத் தவிர, கட்டி முடிகிறவரை அவன் வாசலைவிட்டு நகரவே இல்லை. குஞ்சு அவள் காலடியில் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கியது.

மறுநாள் லோவிசாள் தயங்கித் தயங்கி ஒரு சுளையோடு வந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே கீறலில் பெர்சியாளின் அலகு அகலத் திறந்திருந்தது.

ஆண்டவருடைய கிருபையை நம்புகிறவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை, அவர் கொடுக்கும்போது வாயைத் திறந்து வாங்கிக்கொள்வதுதான்.